ஏரி இடது பக்கம்

கறையா இது? கறைன்னா அதுக்கு ஒரு நியாயம் இருக்கும்க்கா. இது சுவரு. பள்ளிக்கூடத்துச் சுவரு! நல்லாப் பாருங்க... உக்கார்ற எடத்துல எவ்ளோ அகலத்துக்கு அப்பியிருக்குன்னு. நீல பெயின்ட்டு. எங்க வீட்டுக்காரரு ஊரு சுத்திப் பாக்கப் போயி, ஊர்ல பாதியப் பேன்ட்டுல ஒட்டிக்கிட்டு வந்திருக்காரு. ஏரியப் பாக்கணும்னு கெளம்பினோம். சுவத்தப் பாத்துட்டு வந்தோம். ஒரே சுவத்த. நாலு தடவ.

அந்த சோப்ப இப்படித் தள்றீங்களா... ஆங், போதும். ஒத்தக் கையால தேய்க்கிறாளேன்னு பாக்காதீங்க. எம் பொண்ணு, இவ தூங்கறா இல்ல, எடது தோள்ல தலைய வச்சிட்டான்னா அதுக்கப்புறம் அந்தக் கை எனக்குச் சொந்தம் இல்ல. பொறந்ததுல இருந்து இப்படித்தான். வலது தோள்ல போட்டுப் பாருங்க, யாரோ தெரியாத வீட்ல படுக்கப் போட்ட மாதிரி மொறைப்பா. ரெண்டு வருஷமா நான் ஒத்தக் கைக்காரிதான். பாத்திரம் ஒத்தக் கை, தலை வாரறது ஒத்தக் கை...

நீங்க ஆறாம் நம்பர் ரூமா? இன்னிக்குக் காலைலதான வந்தீங்க, பெட்டி இழுக்கற சத்தம் கேட்டுச்சி. உங்க ரூம்லயும் "மலை தெரியும்"னு போர்டு மாட்டியிருக்கா? எங்க ரூம்ல மாட்டியிருக்கு. ஜன்னலத் தொறந்தா தண்ணி டேங்கு. டேங்குக்குப் பின்னாடி மலை இருக்காம். இருக்கும், இருக்கும், யாரு போயி டேங்க நவுத்திப் பாக்கறது?

உங்க வீட்டுக்காரரு எங்க, படுத்திருக்காரா? ...வெளிய போயிருக்காரா? ஸ்கூட்டர் எடுக்கவா? அய்யோ. எந்தக் கடைக்கா? எதுத்தாப்புல, ஹெல்மெட்ட மால மாதிரி கோத்துத் தொங்க விட்ருப்பாரே, அந்தக் கண்ணாடிக்காரரு கடையா? அய்யய்யோ. ஃபோனப் போடுங்க. ஃபோனப் போட்டு வேணாம்னு... இருங்க இருங்க, மொதல்ல நான் சொல்றதக் கேட்டுட்டுப் போடுங்க. இந்தா, இந்தக் கால் முனையப் புடிங்க, முறுக்கணும். ஒத்தக் கையால முறுக்க வராது. நீங்க அந்தப் பக்கம் திருப்புங்க, நான் இந்தப் பக்கம்.

நான் பொதுவா யார்கிட்டயும் பேச மாட்டேன்க்கா. நெஜமாத்தான் சொல்றேன். எங்க வீட்ல என்னய ஊமக்கோட்டான்னுதான் சொல்வாங்க. பால்காரர்கிட்ட "நாளைக்கு வேணாம்"னு சொல்லக் கூச்சப்பட்டு, ஒரு வாரம் அதிகமாவே பால் வாங்கியிருக்கேன்னா பாத்துக்கங்க. உங்களப் பாத்தா பேசலாம்னு தோணுது. நீங்க என்னய விட ஊமையா இருக்கீங்க.

இதெல்லாம் எங்க நாத்தனாரு ஆரம்பிச்சி வச்சது. போன வருஷம் இங்க வந்தாங்க. வந்துட்டுப் பேசாம போனாங்களா? அந்த ஏரி முன்னாடி நின்னு, முடிய அவுத்துக் காத்துல விட்டு, ஒரு ஃபோட்டோ. அதக் கதவு சைஸுக்குப் பெருசாக்கி ஹால்ல மாட்டியிருக்காங்க. நாங்க போனா அதுக்கு நேராத்தான் நாற்காலி போடுவாங்க. தண்ணி குடிச்சா ஏரி, தலையத் தூக்கினா ஏரி. எங்க அவருக்குப் பொறுக்குமா? தங்கச்சி பாத்த ஏரிய அண்ணன் பாக்காம விடறதா? கல்யாணமாயி நாலு வருஷம், கேட்டப்பெல்லாம் "லீவு இல்ல, லீவு இல்ல". ஃபோட்டோவ மாட்டின மறுநாள் லீவு கெடச்சிடுச்சி.

சரி, வந்தோம். பஸ்ல வர்றப்ப இவ தூங்கல. இங்க வந்து ரெண்டு நாளும் தூங்கல. புது எடம், புதுக் கட்டிலு, அழுக. ஒரே அழுக. பக்கத்து ரூம்ல இருந்தவங்க சுவத்துல தட்றாங்க. அவரு என்ன பண்றாரு தெரியுமா, தலகாணியத் தலைல கவுத்துக்கிட்டு "அவளப் பாத்துக்கோ"ங்கறாரு. பாத்துக்கிட்டுத்தானய்யா இருக்கேன்! கண்ணு மூடாமப் பாத்துக்கிட்டே இருக்கேன்!

...இப்படிச் சத்தமாச் சொல்லல. மனசுலதான்.

இன்னிக்குக் காலைல அந்தக் கடைக்குப் போனோம். அந்தக் கண்ணாடிக்காரரு வண்டியக் குடுக்கற அழகப் பாக்கணுமே! பொண்ணக் கட்டிக் குடுக்கற மாதிரி. "இதப் பள்ளத்துல எறக்காதீங்க, வெயில்ல நிறுத்தாதீங்க, இது அமைதியான வண்டி, அதட்டாதீங்க." வண்டிய அதட்டறதாம்! அப்புறம் வண்டியச் சுத்திச் சுத்தி வந்து கீறல் எல்லாத்தையும் ஃபோட்டோ எடுக்கறாரு. அம்புட்டுக் கீறலும் முடியறதுக்குள்ள எங்களுக்குக் காலு வலிச்சிப் போச்சி. எங்க அவரோட லைசென்ஸ வாங்கி மேஜை டிராயர்ல போட்டுப் பூட்டிக்கிட்டாரு. ஹெல்மெட்டு ஒண்ணு குடுத்தாரு பாருங்க... யாரு யாரோ தேய்ச்ச எண்ணெ வாசன எல்லாம் அதுல குடியிருக்கு. தலைய உள்ள விட்டா கூட்டத்துக்குள்ள போன மாதிரி இருக்கு.

எங்க அவரு அதுக்கு மேல. "பதினஞ்சு வருஷமா வண்டி ஓட்றேன், எனக்கா சொல்லித் தர்றீங்க?" பதினஞ்சு வருஷமும் வீட்ல இருந்து ஆபீசு, ஆபீஸ்ல இருந்து வீடு. அந்த வண்டியத் தனியா விட்டாலே போயிட்டு வந்துடும்.

வழி தெரியட்டுமேன்னு கண்ணாடிக்காரரு ஒரு பேப்பர்ல வரைஞ்சி குடுக்க வந்தாரு. எங்க அவரு வேணாம்னுட்டாரு. "மொபைல்ல மேப்பு இருக்கு." இருக்கு. ஆனா யாரு பாக்கறது? ஃபோன மாட்டற ஸ்டாண்டு அந்த வண்டில ஒடஞ்சி கெடக்கு. அதனால நான் பின்னாடி உக்காந்து கைல வச்சிக்கிட்டு வழி சொல்லணும். நான்! அஞ்சாவதோட நின்னவ. அது பரவால்லக்கா, அம்புக்குறி பாக்கறதுக்கு என்ன படிப்பு, நீலக் கோடு எங்க வளையுதோ அங்க வளையணும், அவ்ளோதான். சொல்றதுதான் கஷ்டம். மொத வளைவுல "எடது"ன்னேன். அவருக்குக் காதுல விழல. "கத்திச் சொல்லு"ங்கறாரு. நடுரோட்ல நான் எப்படிக்கா கத்தறது? நாலு பேரு திரும்பிப் பாக்க மாட்டாங்களா?

அப்பத்தான் அவரு ஒரு ஏற்பாடு பண்ணாரு. பெரிய மூள. வலது தோள்ல தட்டினா வலது. எடது தோள்ல தட்டினா எடது. முதுகுல ரெண்டு தட்டு தட்டினா நிறுத்தணும். சரின்னேன். மாட்ட ஓட்டற மாதிரிதான் இருந்துச்சி, ஆனா சரின்னேன்.

கொஞ்ச தூரம் நல்லாத்தான் போச்சி. காத்து, வெயிலு, ரெண்டு பக்கமும் மரம். அந்த ஃபோன்ல பேசறா பாருங்க ஒருத்தி, "இருநூறு மீட்டரில் இடது புறம் திரும்பவும்"னு, எனக்கு அவ பேச்சக் கேட்டாலே பத்திக்கிட்டு வரும். நாம தப்பாப் போனாலும் ஒரு கோவம் உண்டா? "பாதை மாற்றப்படுகிறது"ன்னு அதே கொரல்ல சொல்றா. அவளுக்கு மாமியா இல்ல. அதான்.

அப்புறம்தான் அந்தச் சுவரு வந்துச்சி. பெரிய பள்ளிக்கூடம், லீவு விட்ருக்காங்க, ஒரு பெயின்ட்டரு ஏணி போட்டு கேட்டு ஓரத்துல அப்பத்தான் ஆரம்பிக்கிறாரு. ஒரு நாலடி நீலம் அடிச்சிருப்பாரு. தாண்டிப் போனோம். வலது பக்கம் திரும்பினோம். ஒரு பெட்ரோல் பங்க். வலது பக்கம் திரும்பினோம். ஒரு மர டிப்போ. வலது. அரை மணி நேரம் கழிச்சி மறுபடி சுவரு! பெயின்ட்டரு இப்பப் பாதி வரைக்கும் வந்துட்டாரு. எங்க அவரு என்ன சொல்றாரு, "இந்தப் பக்கம் பள்ளிக்கூடம் எல்லாம் ஒரே மாதிரி கட்டியிருக்காங்க பாரு"ங்கறாரு. பெயின்ட்டரையும் ஒரே மாதிரி வச்சிருக்காங்களா? கேக்கல. ஊமக்கோட்டான் எங்க கேக்கும்?

மூணாவது சுத்துல அந்தப் பெயின்ட்டரு எங்களப் பாத்துக் கை தூக்கினாரு. சொந்தக்காரங்கள பஸ் ஏத்தி விடற மாதிரி. நாலாவது சுத்துல அவரு வேலையே முடிச்சி, பிரஷ்ஷக் கழுவிக்கிட்டு இருக்காரு. நாங்க ஒரு ஏரி பாக்கல, அவரு ஒரு பள்ளிக்கூடத்தையே அடிச்சி முடிச்சிட்டாரு!

அங்கதான் எங்க அவரு வண்டிய நிறுத்தினாரு. பெயின்ட்டரு வாயி சும்மா இருக்குமா? "என்னா சார், காலைல இருந்து பாக்கறேன், நாலு ரவுண்டு அடிச்சிட்டீங்க. ஏரிக்குத்தான? இதோ இந்தச் சுவரு முடியற எடத்துல எடது பக்கம் திரும்புங்க, ரெண்டு நிமிஷம். நீங்க எடது பக்கமே திரும்ப மாட்டீங்களா சார்?"ன்னாரு.

எங்க அவரு மூஞ்சப் பாக்கணுமே! ஒரு பெரிய மனுஷன் மாதிரி கையக் கட்டிக்கிட்டு, அப்படியே பின்னாடி சாஞ்சி நின்னு... எங்க சாஞ்சாருன்னு இந்தப் பேன்ட்டு சொல்லும். ஈரம். பச்ச ஈரம். பெயின்ட்டரு "சார் சார்"ங்கறாரு, இவரு "நீங்க சும்மா இருங்க"ங்கறாரு. ஒட்டிக்கிச்சி. முதுகுல சட்டைக்கும் ஒட்டிக்கிச்சி. பெயின்ட்டருக்குத் தன்னோட சுவரு போச்சேன்னு கோவம். அதுல ரெண்டு வட்டம் விழுந்து கெடக்கு இல்ல!

அந்த நெலமைல ஒரு ஆம்பள என்ன சொல்வாரு? "என் பொண்டாட்டி தட்டின பக்கம் திரும்பினேன்"னா சொல்வாரு? சொல்வாராக்கா? அப்ப வந்துச்சி பாருங்க வாய்ல: "ஹேண்டில் கோணல்ப்பா. எடது பக்கம் திரும்பவே மாட்டேங்குது. வண்டி வலது பக்கமா இழுக்குது."

பெயின்ட்டரு நம்பல. ஆனா எங்க அவரு நம்பிட்டாரு. அவரு வாய்ல இருந்து வந்தது அவரு காதுல விழுந்ததும் அது நெசம் ஆயிடுச்சி. ஏரியும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு நேரா கடைக்கு விட்டாரு. வர்ற வழில எடது பக்கம் ஆறு வளைவு. நான் எண்ணினேன். ஆறுலயும் வண்டி வெண்ணெ மாதிரி வளைஞ்சிச்சி.

கடைல ஒரே கூட்டம் அப்ப. எல்லாரு முன்னாடியும், "கோணல் வண்டியக் குடுத்து ஊர ஏமாத்தறீங்களா? பொண்டாட்டி புள்ளய வச்சி ஓட்டிட்டுப் போறவன் பள்ளத்துல விழுந்தா யாரு பொறுப்பு?"ன்னு ஒரு போடு போட்டாரு. வண்டி எடுக்க வந்த மூணு குடும்பம் அப்படியே நழுவிட்டாங்க. கண்ணாடிக்காரரு கண்ணாடியக் கழட்டி, தொடச்சி, மாட்டி, மறுபடி கழட்டி... "இருபது வருஷமா கடை வச்சிருக்கேன். ஒருத்தர் இந்த வார்த்தை சொன்னதில்ல சார்"னாரு. அப்புறம் அவருக்கும் ரோஷம் வந்துடுச்சி. மெக்கானிக்கக் கூப்புட்டு, "எல்லாரு முன்னாடியும் பிரிச்சிப் பாரு. கோணல் இருந்தா இன்னிக்கே ஷட்டர எறக்கிட்டுப் போறேன். இல்லன்னா இவரு இதே எடத்துல நின்னு, தப்பா சொல்லிட்டேன்னு சொல்லணும். அது வரைக்கும் லைசென்ஸ் இங்கதான்"னுட்டாரு. எங்க அவரா தப்புன்னு சொல்வாரு? அதுக்கு அவரு இங்கயே குடியிருந்துடுவாரு. நாளைக்கு விடியக்கால பஸ்ஸு எங்களுக்கு.

அங்கதான் தட்டிக்கிட்டு இருக்காங்க. கேக்குதா? டங்கு டங்குன்னு... அதான். உங்க வீட்டுக்காரரும் அங்கதான் நின்னு வேடிக்க பாத்துக்கிட்டு இருப்பாரு.

இத நல்லா உதறுங்கக்கா. கொஞ்சம் போயிருக்கு, இல்ல? நீலம் போயி ஊதாவா ஆயிருக்கு. கொடில போடலாம். அந்த ஓரத்துல, பூப்போட்ட துணிக்குப் பக்கத்துல.

...அந்தத் துணியா? எங்களுது இல்ல. கண்ணாடிக்காரரோடது. காலைல கெளம்பறப்ப இவ கைல நிக்காம தாவிக்கிட்டு இருந்தாளா, அவரு உள்ள போயி, அவரு சம்சாரத்தோட பழைய துணியாம், தொவச்சி மடிச்சி வச்சிருந்தது, எடுத்துட்டு வந்து குடுத்தாரு. "பாப்பாவ உங்களோட சேத்துக் கட்டிக்கங்கம்மா, மலைப் பாத"ன்னாரு. யாரும் கேக்கல. அவராக் குடுத்தாரு. எடது பக்கமா சாச்சி நான்தான் கட்டினேன். கட்டின அஞ்சாவது நிமிஷம்...

இல்ல, சொல்லல, விடுங்க.

...ஏன்க்கா அப்படிப் பாக்கறீங்க?

தூங்கிட்டா. அவ்ளோதான். மூணு நாளா மூடாத கண்ணு, அந்தக் காத்துல மூடிடுச்சி. எடது கை மேல தலை. அதுக்கு அடுத்த வளைவுதான் சுவரு முடியற எடம். "இடது புறம் திரும்பவும்"னு அந்த ஃபோன்காரி சொல்றா. எனக்குக் கேக்குது. எடது கைய எடுத்தா இவ முழிச்சிப்பா. வலது கையால குறுக்க எட்டி எடது தோளத் தட்டினா என்னங்கறீங்களா? எட்டினேன். ஃபோன் முனை இவ நெத்தில லேசா இடிச்சிச்சி. ஒதட்டப் பிதுக்கினா. போதும்டியம்மான்னு கைய எடுத்துட்டேன். சரி, வலது பக்கமாவே மூணு தடவ திரும்பினா எடது பக்கம் வந்து சேரும் இல்ல? நாலு தெரு சதுரமா இருந்தா சேரும். நான் என்ன தெருவக் கட்டினவளா? வலது தோள்ல தட்டினேன். மறுபடி தட்டினேன். சுத்தி வந்து நின்னா அதே சுவரு. மறுபடி எடதுதான் காட்டுது. மறுபடி வலதத் தட்டினேன்.

வண்டி நல்ல வண்டிக்கா. தட்டின பக்கம் போற வண்டி.

வீட்டுக்காரரும் அப்படித்தான். அந்த ஒரு விஷயத்துல அவரக் கொற சொல்ல முடியாது.

இன்னொண்ணு இருக்கு. இத யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்க இல்ல? நீங்க எங்க சொல்லப் போறீங்க. மூணாவது சுத்துல இவ புரண்டு படுத்தா. தலைய என் நெஞ்சுக்கு மாத்திக்கிட்டா. எடது கை சும்மா இருக்கு. மரத்துப் போயிருந்துச்சி, ஆனா சும்மாத்தான் இருக்கு. சுவரு முடியற எடம் வருது. ஃபோன்காரி சொல்றா. அவரு தோளு எனக்கு ஒரு சாண் தூரம்.

தட்டல.

தட்டியிருந்தா ரெண்டு நிமிஷத்துல ஏரி. எறங்கணும். இவ முழிச்சிப்பா. "முடிய அவுத்து விடு, சிரி, புள்ளயத் தூக்கு, புள்ளய அழாமப் புடி, தங்கச்சி நின்ன மாதிரி நில்லு..." வேணாம்னு இருந்துச்சிக்கா. ரெண்டு மணி நேரம் என்னய யாரும் ஒண்ணும் கேக்கல. புள்ள தூங்குது, அவரு முன்னாடி பாத்துக்கிட்டு இருக்காரு, நான் பாட்டுக்கு மரத்தப் பாத்துக்கிட்டு வர்றேன். அந்தச் சுவரு நீலமா ஆவறது எவ்ளோ அழகா இருந்துச்சி தெரியுமா? ஏரி கெடக்கு ஏரி! ஒரு நீலம் போதாதா ஒரு நாளைக்கு?

இப்ப அங்க அந்த மனுஷன் கடையப் பிரிச்சிப் போட்டு உக்காந்திருக்காரு. எல்லாம் என் வலது கை பண்ண வேல. வந்ததுல இருந்து அவரு துணிய ரெண்டு தடவ அலசிட்டேன். ஒரு கறையும் இல்ல அதுல. போயிக் குடுக்கணும். போக முடியல. அத்தன பேரு நிக்கறாங்க. அத்தன பேரு முன்னாடி எங்க அவரு மூஞ்சி என்னாவறது? "பொண்டாட்டி தட்டினதுக்கா மாமா திரும்பினீங்க"ன்னு ஊருக்குப் போனா ஒருத்தரு விடுவாங்களா? எனக்கு வேற, ஆளப் பாத்தாலே வாயி ஒட்டிக்கும்...

யாரோ கூப்புடற மாதிரி இல்ல?

அவருதான். என்னங்க? ...இங்க பின்னாடி, துணி துவைக்கிறேன்! ...என்ன? மெக்கானிக்கு என்ன சொன்னாரு? ...ஒண்ணும் இல்லன்னுட்டாரா? ...பின்னாடி ஆளு உக்காந்தாத்தான் இழுக்குதுன்னு நீங்க சொன்னீங்களா? ...நானா? எல்லாரு முன்னாடியுமா? காலைல உக்காந்த மாதிரியே... பாப்பாவோடயா?

கேட்டீங்களாக்கா? நான் உக்காந்து, அவரு ஓட்டி, கடை முன்னாடி ஒரு சுத்து சுத்திக் காட்டணுமாம். எடது பக்கம் திரும்புதா இல்லையான்னு எல்லாரும் பாக்கணுமாம். அவருக்குத் தெரியாமலா கூப்புடறாரு? தட்டுவான்னு நெனைக்கிறாரா, தட்ட மாட்டான்னு நெனைக்கிறாரா?

அந்தத் துணிய எடுத்துக் குடுங்க. காஞ்சிடுச்சி. மடிக்க வேணாம், குடுங்க. உங்க வீட்டுக்காரருக்கு ஃபோனெல்லாம் போடாதீங்க, அதே வண்டிய எடுக்கட்டும். ...வர்றேங்க! கத்தாதீங்க, புள்ள தூங்குது!

இவள மட்டும் கொஞ்சம் வாங்கிக்கங்கக்கா, மெதுவா, தலையத் தாங்கி... எடது கை ஃப்ரீயா இருந்தா தட்டிடுவேன், பிரிச்சிப் பாத்ததுல வண்டி சரியாயிடுச்சின்னு சொல்லி அவரும் தப்பிச்சிப்பாரு, கண்ணாடிக்காரரு மட்டும் பொய்யரா... இல்ல. வேணாம், குடுங்க. தூங்கட்டும் என் மேலயே. கையால தட்டினதுதான் இவ்ளோ தூரம் வந்துச்சி, இந்த ஒரு தடவ அவரு முன்னாடி, அத்தன பேரு முன்னாடி, வாயத் தொறந்து "ஏங்க, வண்டி இல்லீங்க, நான்தான்"னு நானே சொல்லி—

வர்றேங்க, இதோ வர்றேன், அந்தக் கண்ணாடிக்காரரப் போக விடாதீங்க, அவருகிட்ட மொதல்ல நான் பேசணும்!